பேகம் பஜாரும் ஒரு தூண்டிற்கோலும்

செகந்திராபாத்தில் ரயில் உத்தியோகம் பார்க்க வந்த தமிழர் பலரைப் போலவே, நாமும் இந்நகரைச் சுற்றிப் பார்ப்பது ஊரிலிருந்து உறவினர் வரும்போதுதான். சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் காட்சிசாலை, ஹுசேன் சாகரின் நடுவே நிற்கும் புத்தர் என்று வழக்கமான இடங்களைக் காட்டி, வந்தவர்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் பார்சல் ஆபீஸ் மேசைக்குத் திரும்பிவிடுவோம். பேகம் பஜாரை ஒரு நாள் முழுவதும் சுற்றுவோம் என்றோ, அதுவும் ஒரு தூண்டிற்கோலின் பொருட்டுச் சுற்றுவோம் என்றோ நாம் எண்ணியதில்லை.

நம்மை இதில் இழுத்துவிட்டவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பத்திரிகையில் பெயரைப் போட்டுவிடாதே, தம்பி" என்று கேட்டுக்கொண்டபடியால் இங்கே அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுவோம். சிறு வயதில் கடற்கரையில் கைநூலால் மீன் பிடித்துப் பழகியவர். ஓய்வுக்குப் பின் வீட்டின் பின்கட்டில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு தூண்டிற்கோல் செய்யத் தொடங்கினார். முதலில் தமக்கு, பிறகு நண்பர்களுக்கு, பிறகு நண்பர்களின் நண்பர்களுக்கு என்று அது வளர்ந்தது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மதினி நம் வீட்டுக்கு வந்தார். அண்ணாச்சி பணிக்கொடைப் பணத்திலிருந்து மூன்று லட்சம் ரூபாயை முன்பணமாகக் கொடுத்துப் பேகம் பஜாரில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பணம் இளைய மகளின் திருமணத்துக்காக வைத்திருந்தது. "நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் கணக்குத் தெரிந்தவர். ஒருமுறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பி" என்றார். தடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்கு விளங்கியது.

நமது வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. போவதற்கு முந்தைய மாலை அண்ணாச்சியின் பட்டறையைப் பார்த்துவிடலாம் என்று சென்றோம். தூண்டிற்கோல் என்றால் குளக்கரையில் சிறுவர் பிடிக்கும் மூங்கிற் குச்சி என்றே அதுவரை எண்ணியிருந்த நமக்கு அங்கே ஒரு பாடம் காத்திருந்தது.

இக்காலத்துக் கோலுக்கு அடிப்படை, கண்ணாடியிழையாலோ கரியிழையாலோ ஆன உள்ளீடற்ற வெறுந்தண்டு. வியாபாரத்தில் இதை 'பிளாங்க்' என்பர். பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகிறது. அந்நாட்டின் ஷாண்டோங் மாகாணத்து வைஹாய் நகரம் தூண்டிற்கோல் தொழிலுக்கே பேர்போனது. தண்டின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால் ஓரிடத்தில் அது தானாகத் துள்ளித் திரும்பி நிற்கும். அதுவே தண்டின் முதுகு. அந்த முதுகைக் கண்டு குறித்துக்கொண்டு, நூல் ஓடும் வளையங்களை அதற்கு நேராக வைக்க வேண்டும். இவ்வளையங்களுள் பெரியது கைப்பக்கமும், வரவரச் சிறியவை நுனிப்பக்கமுமாக அமையும். நுனியை நெருங்க நெருங்க இடைவெளியும் குறையும். நூலைக் கோத்து எடையைத் தொங்கவிட்டு வளைத்துப் பார்த்தால், தண்டு வளையும் வழியிலேயே நூலும் வளைய வேண்டும். எங்கேனும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் வளையத்தை நகர்த்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு வளையத்தின் காலையும் பட்டுப்போன்ற நைலான் நூலால் இழையோடு இழை ஒட்டச் சுற்றி, இரு திரவங்களைச் சமமாகக் கலந்த பிசினைப் பூசி, அது இறுகும்வரை பல மணி நேரம் கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பிசின் ஒரு பக்கம் வழிந்து தொங்கிவிடும். இதற்கென்று அண்ணாச்சி, பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரைக் கழற்றிப் பொருத்தியிருந்தார். ரயில்வே ஃபிட்டருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

பிடியைப் பற்றி அவர் சொன்னதே நமக்கு மிகவும் பிடித்தது. கோல் வாங்க வருபவரின் முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை அளந்து, அதற்கேற்பப் பின்பிடியின் நீளத்தை வைக்கிறார். பிடிக்கான தக்கை வளையங்களை ஒட்டி, கடைசல் பிடித்து, கையின் பருமனுக்குத் தேய்க்கிறார். கைமுட்டுகளில் வாதம் கண்ட ஓய்வு பெற்ற தெலுங்கு ஆசிரியர் ஒருவருக்குப் பருத்த பிடியும் இலேசான தண்டுமாக ஒன்று செய்து கொடுத்தாராம். விரல்களை மடக்க முடியாமல் மூன்றாண்டுகள் ஏரிப்பக்கமே போகாதிருந்த அவர், இப்போது வாரந்தோறும் போகிறார். பிடிக்கு மேலே, பிசின் பூசும் முன்பு, அவர் பெயரைத் தெலுங்கெழுத்தில் மையால் எழுதிக் கொடுத்திருந்தார் அண்ணாச்சி. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டே மேலும் நால்வர் வந்தார்களாம்.

ஒரு கோலின் நுனியைப் பற்றி வளைத்துச் சட்டென்று விட்டுக் காட்டினார். அது விண்ணென்று நிமிர்ந்தது. நமக்குக் குறுந்தொகையின் 54ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. யானை வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை அஞ்சிக் கைவிட, அது மீனைப் பறித்தெடுக்கும் தூண்டிலைப் போல மேலெழுகிறது என்பது அப்பாட்டின் உவமை. அதைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோக, உவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று பெயர் பெற்றார். இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அந்தக் காலத்திலேயே நுனி நன்றாக இருந்திருக்கிறது" என்றார்.

மறுநாள் காலை செகந்திராபாத் வெஸ்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். 2020 பிப்ரவரியில் திறந்த இந்தப் பாதை முஷீராபாத், நாராயணகூடா, சுல்தான் பஜார் வழியாக மூசி நதியருகே மகாத்மா காந்தி பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து அப்சல்கஞ்சைக் கடந்து நடந்தால் பேகம் பஜார். நிஜாம் அலி கானின் மனைவி ஹம்தா பேகம் வணிகர்களுக்கு அளித்த நிலத்தில் எழுந்த சந்தை என்பர். பித்தளைப் பாத்திரம், உலர்ந்த பழங்கள், மசாலா, பிளாஸ்டிக், பூட்டு, கயிறு என்று ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வாசனை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தள்ளுவண்டி நம் காலை மிதிக்கக் காத்திருக்கிறது. மார்வாரியும் தக்கனி உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அவ்விடத்தில் விலை கேட்பதற்கு மட்டும் எல்லோரும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

வலையும் நூலும் தூண்டிலும் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தோம். சுவரெங்கும் ஆலைக் கோல்கள், உருளையோடு சேர்ந்தே எண்ணூறு ரூபாயிலிருந்து. அண்ணாச்சி தம் கோலை உறையிலிருந்து எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். கடைக்காரர் நல்ல மனிதர். கோலைக் கையிலெடுத்து, நுனிவரை கண்ணை ஓட்டி, நூற்சுற்றை நகத்தால் தடவிப் பார்த்து, வேலை சுத்தம் என்று பாராட்டினார். விலையைக் கேட்டார். ஆறாயிரம் என்றதும் கோலைப் பதமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பெரியவரே, இங்கே வருகிறவன் பத்துக் கடை விசாரித்து ஐம்பது ரூபாய் குறைப்பதற்காக வருகிறான். ஜூன் மாதம் மிருகசீர்ஷக் கார்த்தி வந்தால் ஊரே மீன் தின்னும். அப்போதும் எண்ணூறு ரூபாய்க் கோல்தான் போகும். உங்கள் கோலை வாங்குகிறவன் இந்தச் சந்துக்கு வர மாட்டான்" என்று தக்கனியில் சொன்னார்.

மிருகசீர்ஷக் கார்த்தி என்பது மழைக்காலத் தொடக்கம். அன்று நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார் ஆஸ்துமாக்காரர்களுக்கு உயிருள்ள சிறு விரால்மீன் வழியே மருந்து விழுங்கக் கொடுப்பதும், நகரத்தார் அனைவரும் அன்று மீன் சமைப்பதும் நம் வாசகர் அறிந்ததே. விராலைத் தெலுங்கில் கொர்ரமீனு என்பார்கள். தெலங்காணாவின் மாநில மீனும் அதுவே.

வாடகைக்கு வந்திருந்த கடை இரண்டு சந்து தள்ளி இருந்தது. எட்டடிக்குப் பத்தடி. மாத வாடகை பதினெட்டாயிரம். அண்ணாச்சி உள்ளே நின்று, எந்தச் சுவரில் கோல்களைச் சாத்துவது, எங்கே மேசை போடுவது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அந்நேரத்தில் கணக்கைப் பேச நமக்கு மனம் வரவில்லை.

எதிரிலிருந்த இரானி டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப்பையிலிருந்த பழைய பார்சல் ரசீதின் பின்புறத்தில் எழுதினோம். தண்டு 2,500. வளையங்கள் 1,400. உருளை பொருத்தும் இருக்கை 600. தக்கைப் பிடி 700. நூலும் பிசினும் 250. ஆக 5,450. அவர் விற்பதோ 6,000. மிச்சம் 550. ஒரு கோலுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டோம். யோசித்து, பதினான்கு என்றார். மணிக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை. சித்தாள் கூலியைவிடக் குறைவு. இந்த மிச்சத்தில் பதினெட்டாயிரம் வாடகை கட்ட மாதம் முப்பத்துமூன்று கோல் விற்க வேண்டும். அவர் கையால் மாதத்துக்கு எட்டுக்கு மேல் செய்ய முடியாது. விலையை எட்டாயிரத்து ஐந்நூறாக உயர்த்தினாலும், எட்டில் ஆறு கோல் கடைக்காரனுடைய வாடகைக்கே போய்விடும்.

அண்ணாச்சி ரசீதை வாங்கித் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். "பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று என் கூலியைச் சேர்க்கவே இல்லை, தம்பி" என்றார். பிறகு, "பணிமனையில் ஓவர்டைம் கால் மணி விட்டுப்போனால் சண்டைக்குப் போயிருக்கிறேன்" என்று தாமே சிரித்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது.

திரும்பி நடக்கையில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளிய மரத்தைக் காட்டினோம். 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி பெருக்கெடுத்து நகரைச் சூறையாடியபோது நூற்றைம்பது பேர் இம்மரத்தில் ஏறி உயிர் தப்பினர் என்பது வரலாறு. அதன் பிறகே விசுவேசுவரய்யாவை அழைத்து வெள்ளத் தடுப்புக்குத் திட்டம் வகுத்தனர். 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. வழியில் ஓரிடத்தில் மேதரிக் குடும்பத்தினர் மூங்கிலைப் பிளந்து கூடை முடைந்துகொண்டிருந்தனர். அண்ணாச்சி அங்கே நின்றுவிட்டார். சாத்தியிருந்த கழிகளில் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "கல்மூங்கில்" என்றார். தெலுங்கில் இது சாதனம் வெதுரு. போலீஸ்காரர் கையிலிருக்கும் தடி இதுதான்.

இந்த மூங்கிலுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி, மூங்கிலை முக்கோணச் சிம்புகளாகச் சீவி ஒட்டித் தூண்டிற்கோல் செய்தார். பின்னர் ஹைரம் லெனார்டு என்பவர் ஆறு சிம்புகளை இயந்திரத்தால் சீவும் முறையைக் கண்டு, அத்தொழிலையே மாற்றினார். அவர்களெல்லாம் பயன்படுத்தியது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் கல்மூங்கிலே. தீயில் சுட்ட கரும்புள்ளிகளோடு போய்ச் சேருமாம். அங்கே அதற்குக் 'கல்கத்தா' என்றே பெயர். 1900ஐ ஒட்டிச் சீனத்துக் குவாங்டோங் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு 'டோங்கின்' என்று பெயர். டோங்கினில் அது விளைவதில்லை என்பது வேறு விஷயம். 1950இல் அமெரிக்கா சீனத்தோடு வாணிகத்தைத் தடை செய்ய, அந்த மூங்கிலும் நின்று, கண்ணாடியிழைக் கோல் எங்கும் பரவியது. நம் நாட்டு மூங்கில் இவ்வளவு தூரம் போய் வந்தது. கோலாக நமக்குத் திரும்பி வந்ததோ இங்கிலாந்துக்காரன் பெயரோடு, பெரிய விலைக்கு. துரைமார்கள் கோலோடு நம் ஆறுகளில் திரிந்த கதையை, சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் என்பவர் 1873இலேயே ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

அண்ணாச்சி மேதரிப் பெண்மணியிடம் பேரம் பேசாமல் முதிர்ந்த கழி ஒன்றை வாங்கிக்கொண்டார். அதை மெட்ரோவில் ஏற்ற விடவில்லை. ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்து, கழியின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, செகந்திராபாத் வந்து சேர்ந்தோம்.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரில் சேவெள்ளா சாலையில் சென்றோம். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் இருபுறமும் விலக, அப்பால் சாலையோரம் நூற்றுக்கணக்கான பழைய ஆலமரங்கள் நிழல் பரப்புகின்றன. சாலையை அகலப்படுத்த அவற்றை வெட்டலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போனதும் உண்டு. அச்சாலையிலிருந்து உள்ளே ஒரு கிராமத்து ஏரி. மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குரியது. அவர்களிடம் சிறு தொகை கட்டிவிட்டே தூண்டில் போட வேண்டும். கூட்டம் சேர்ந்தால் அவர்களுக்குத் தொந்தரவு என்பதால் ஏரியின் பெயரை எழுதவில்லை.

கரையில் பதினைந்து இருபது பேர் இருந்தனர். கணிப்பொறி அலுவலர், வங்கி மேலாளர், பல் மருத்துவர், ஒரு பழைய ராணுவ ஹவில்தார். அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்ததில், ஆலைக் கோலையே வைத்திருப்போரிடமும் ஏதேனும் ஒரு குறை இருந்தது. ஒருவருக்கு நுனி வளையத்தின் பீங்கான் உதிர்ந்து நூலை அறுக்கிறது. ஒருவருக்குக் கார்க் கதவில் அகப்பட்டு நுனியே ஒடிந்துவிட்டது. வேறொருவர் அந்தமானுக்குப் பெருமீன் பிடிக்கப் போகிறார். கடையில் கிடைக்கும் பிடி அவர் கைக்குக் குட்டை. இவர்கள் எவரும் இதற்காகப் பேகம் பஜார் போனதில்லை, போகவும் போவதில்லை. கரையில் வேப்பமரத்தடியில் அண்ணாச்சி தம் பெட்டியைத் திறந்து, ஒரு நுனி வளையத்தைச் சூடுகாட்டிக் கழற்றி, அளவு பார்த்து, மாற்று வளையத்தை ஒட்டிக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய். அன்று அதுபோல் மூன்று. உச்சிப்பொழுதில் அந்தமான் அன்பர் தாமே வந்து முழங்கையை நீட்டினார்.

கடை எடுக்கும் பேச்சு அன்றே முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி முடியவில்லை. ஒரு மாதம் இழுபறியாக இருந்து, சந்துக் கடையில் வேறொருவர் பிளாஸ்டிக் வாளி வியாபாரம் தொடங்கிய பிறகே அண்ணாச்சிக்கு அந்த ஏக்கம் தணிந்தது. முன்பணம் வங்கியிலேயே இருக்கிறது. மதினி நமக்கு ஒரு டப்பா கருப்பட்டி மிட்டாய் கொடுத்தனுப்பினார்.

இப்போது பின்கட்டு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. பொருள் விலை, மணிக்கு நூற்றைம்பது வீதம் கூலி, சேதத்துக்கு ஒரு பங்கு என்று அண்ணாச்சி தாமே எழுதுகிறார். பாதிப் பணம் முன்கூட்டி வாங்காமல் தண்டு வரவழைப்பதில்லை. மாதம் நான்கு கோல் போகிறது, மூன்றானாலும் ஆகும். விலையைக் கேட்டுவிட்டு வராமல் போனவர்களும் உண்டு. முதல் இரண்டு வாரம் அதற்காகச் சாப்பிடாமல் இருந்தார், இப்போது அப்படியில்லை.

வெளியூர் வியாபாரம் மட்டும் இன்னும் தலைவலிதான். வேறு மாநிலத்துக்குப் பண்டம் விற்பதானால், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமென்பது பொதுவிதி. உத்யம் பதிவு கட்டணமின்றியே கிடைக்கிறது, ஜி.எஸ்.டி. என்றால் மாதந்தோறும் கணக்கு. தூண்டிற்கோலுக்கான வரி 2025 செப்டம்பரில் பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது ஓர் ஆறுதல். சென்னைக் கடற்கரையில் வீசுவதற்கென்று ஒருவர் கேட்ட நீளக் கோல் இதனால் இரண்டு மாதம் தாமதப்பட்டது. முதலில் அனுப்பிய ஒரு கோல், கூரியர் ஒன்றில் அட்டைப்பெட்டியோடு ஒடிந்தே போய்ச் சேர்ந்தது. பார்சல் ஆபீஸில் பத்தாண்டு உட்கார்ந்த நமக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் யோசனை சொல்லத் தெரிந்தது. கோலை இரு துண்டாகச் செய்து, தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயில் நுழைத்து, இரு முனையிலும் துணி அடைத்து மூடியிடச் சொன்னோம். நீளம் குறைந்தால் கட்டணமும் குறையும். மேலே மூட்டை விழுந்தாலும் குழாய் தாங்கும்.

கல்மூங்கில் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். பிளந்து, கணுக்களை அராவி, ஆறு ஆறு சிம்பாகக் கட்டி, பின்கட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். சென்ற வாரம் பார்க்கப் போனபோது, எப்போது கோலாகும் என்று கேட்டோம். "அடுத்த கோடை கழியட்டும், தம்பி. நன்றாகக் காய வேண்டும்" என்றார். உள்ளேயிருந்து மதினி, மழை நாளில் துணி காயப்போடக் கயிறு கட்ட வேறு இடம் இல்லையென்றும், அந்தக் கட்டை அங்கேயே கிடந்தால் ஒரு நாள் அதையே கொடிக்கம்பாக்கப் போவதாகவும் குரல் கொடுத்தார். அண்ணாச்சி நாற்காலியைப் போட்டு ஏறி, கட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.